பேருக்கு இடமில்லாத பொம்மைகள்

வெள்ளம் வர இருபத்தாறு நாள் இருக்கும்போது, வசெத் நகரின் மேற்குக் கரையில், ஆற்றுக்கு மண்கரை போடும் கரைவேலைக்கு ஆள் கூப்பிட வந்த எழுத்தர் பெந்து, "இபி" என்று ஒரே ஒரு பெயரைத்தான் வாசித்தார். நானூற்றொரு பேர் "இதோ இருக்கிறேன்" என்றார்கள். அத்தனை பேரும் ஒரு சாண் உயரம், நீல நிறம். பெந்து தன் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே "வந்தான்" என்று குறித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். அன்று சந்தை நாள். வெங்காயம் மலிவு.

இபி பதில் பொம்மை செய்கிறவன். மணற்பொடியையும் சாம்பலையும் பிசைந்து, அச்சில் அழுத்தி, எழுதவேண்டியதை எழுதிச் சூளையில் வைத்தால், உள்ளே சாம்பல் நிறமாகப் போனது வெளியே நீலமாக வரும். செத்தவர் போகிற மேற்கு உலகத்திலும் வயல் உண்டு, கரை உண்டு, கிழக்கிலிருந்து மேற்கே மண் சுமக்கிற வேலை உண்டு. அங்கேயும் ஒருவர் பட்டியலோடு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெரிய மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே மண்கூடையைத் தொட்டதில்லை, செத்தபிறகு தொடுவார்களா? ஆகவே கல்லறையில் பொம்மைகளை வைத்துக்கொள்வார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அவர்களுக்குப் பதிலாகப் பொம்மை எழுந்து "இதோ இருக்கிறேன்" என்று சொல்லி மண்வெட்டியைத் தூக்கும். நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து. பத்து நாள் கொண்ட வாரத்துக்கு ஒரு மேஸ்திரி என்று முப்பத்தாறு. இந்த முப்பத்தாறும் வேலை செய்யாது, சாட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேற்கு உலகத்தை யோசித்து வைத்தவர்கள் இந்த உலகத்தை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நானூற்றொன்றைச் செய்யச் சொன்னவர் கரைகளின் தலைவர் அமெனெம்ஹெப். பல்லக்கில் வந்தார். அவருக்குப் பத்தொன்பது பட்டங்கள். மன்னரின் வலப்பக்கத்து விசிறி தாங்கி, இடப்பக்கத்து விசிறிக்கும் பொறுப்பாளர், அரச செருப்பின் ரகசியம் அறிந்தவர், மன்னரின் ஒரே நண்பர். இந்த "ஒரே நண்பர்" பட்டம் மேற்குக் கரையில் மட்டும் முப்பது பேருக்கு இருந்தது. பத்தொன்பதும் ஒவ்வொரு பொம்மையிலும் இருக்கவேண்டும் என்றார். ஒன்று குறைந்தாலும் அந்த உலகத்தில் தன்னை யாரோ என்று நினைத்துவிடுவார்களாம்.

இபி ஒரு சாண் பொம்மையை எடுத்து விரலால் அளந்து பார்த்தான். "எசமான், பட்டமெல்லாம் எழுதினா பேருக்கு இடம் இருக்காதுங்க."

"இடம் பண்ணு."

"ரெண்டு பட்டத்த விட்டுட்டா தாராளமா எழுதலாம். அந்த இடப்பக்கத்து விசிறி..."

"பொம்மையப் பெருசாப் பண்ணு."

"பண்ணிடலாம் எசமான். அப்புறம் கல்லறைக்குள்ள அதுங்க படுத்துக்கும், நீங்கதான் வெளியில படுக்கணும்."

பல்லக்குத் தூக்கிகளில் ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அமெனெம்ஹெப் பல்லக்கைத் திருப்பச் சொன்னார். கைவினைக்காரர்களைக் கரைவேலைக்குக் கூப்பிடுவதில்லை என்பது பழைய வழக்கம். பழைய வழக்கங்களை மதிப்பது அவருடைய பதினோராவது பட்டம். ஆனாலும் அந்த வருஷத்துப் பட்டியலில் இபியின் பெயர் ஏறியது.

இபி பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவனுடைய அண்ணன் கென்னா மூன்று வருஷத்துக்கு முன் கரைவேலைக்குப் போனான். திரும்பி வந்தது அவனுடைய கூடை மட்டும்தான். மனைவி தாமித்துக்கு இது நிறைமாதம். முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து மூச்சுவிடாமலே போயிருந்தன. இரண்டு முறையும் பிரசவக் கற்கள்மேல் அவள் குந்தியிருக்கும்போது தோளைப் பிடித்துக்கொண்டவன் இபி. இந்த முறையும் அவன் பிடித்தால்தான் உண்டு என்று அவள் சொல்லிவிட்டாள். ஓடி ஒளியலாம் என்றால், ஓடினவனுக்குப் பதிலாக அவன் பெண்டாட்டியைப் பெரிய கொட்டடியில் அடைப்பது சட்டம். அந்தச் சட்டத்தை மட்டும் யாரும் மறந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஏன்யா, உன் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கக்கூடாதா?" என்றாள் தாமித். அவள் பெயருக்குப் பூனை என்று அர்த்தம். கோபத்தில் பொருத்தமாகவே இருப்பாள்.

"இடமில்லன்னுதானடி சொன்னேன், பூனை."

"இடமில்லன்னு சொன்ன சரி. படுக்கறதப் பத்தி எதுக்குச் சொன்ன?"

இபி உட்கார்ந்து எழுதினான். பத்தொன்பது பட்டங்கள் மார்பில் தொடங்கி, இடுப்பைச் சுற்றி, முழங்காலைக் கடந்து கணுக்காலில் முடிந்தன. பெயருக்கு விட்டிருக்க வேண்டிய இடத்தில் தரை வந்துவிட்டது. அந்தத் தெருவில் மூன்று பட்டறைக்கும் ஒரே சூளை. யாருடைய சரக்கு யாருடையது என்று சண்டை வராமலிருக்க அவரவர் பெயரை உள்ளங்காலில் போடுவது வழக்கம். ஒரு நாணல், ஒரு சதுரம், இரண்டு கீற்று: இபி. நானூற்றொரு உள்ளங்காலிலும் போட்டான். அமெனெம்ஹெப் ஒரு பொம்மையைக் கையில் வாங்கிப் பட்டங்களை உரக்க வாசித்தார். செருப்பின் ரகசியத்துக்கு வந்தபோதே அவர் கண் கலங்கிவிட்டது. கணுக்காலுக்குக் கீழே வாசிக்க அவருக்குத் தோன்றவில்லை. பெட்டியில் அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பொம்மைகள் அப்படி விட்டுவிடவில்லை. தாங்கள் யாருடைய ஆட்கள் என்று மேலிருந்து வாசித்துக்கொண்டே போனதில், கடைசியில் அவற்றுக்கு அகப்பட்ட ஒரே பெயர் இபி.

ஆகவே பெந்து வாசலில் நின்று பெயரைச் சொன்னதும் பெட்டிகளின் மூடி திறந்தது. நானூற்றொரு பேரும் இறங்கி, தோளில் வரைந்திருந்த மண்வெட்டியையும் கூடையையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ரொட்டி மூட்டையோடு நின்ற இபியை வணங்கினார்கள். "வலப்பக்கத்து விசிறி தாங்கியே, இடப்பக்கத்து விசிறியின் பொறுப்பாளரே" என்று ஆரம்பித்துப் பத்தொன்பதையும் சொல்லி முடித்தார்கள். சொல்லி முடிப்பதற்குள் தெருவில் ஒரு கழுதை படுத்துவிட்டது.

"நானும் கிளம்புறேங்க" என்றான் இபி.

"நீ யாரு?" என்றார் பெந்து.

"நான்தாங்க இபி."

"இபி வந்தாச்சு, எழுதியாச்சு. நடுவுல புகுந்து என் பட்டியலக் கெடுக்காத."

"மொத்தம் நானூத்தியோரு பேருங்க."

"எனக்கு வேண்டியது ஒரு இபி. மிச்சத்த நான் பாக்கல."

முப்பது வருஷம் பட்டியல் எழுதியவர் பெந்து. எழுதியதை அழிப்பதைவிட நானூறு பேரைப் பார்க்காமலிருப்பது அவருக்குச் சுலபம்.

பொம்மைகள் கரைக்குப் போயின. ஒவ்வொன்றும் ஒரு பிடி மண்தான் தூக்கும். ஆனால் உட்காராது, குடிக்காது, மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியதும் படுக்காது. முப்பத்தாறு மேஸ்திரிகளும் முதல் நாள் சாட்டையோடு நின்றார்கள். தாங்கள் இல்லாமலே வேலை நடப்பதைக் கண்டு இரண்டாம் நாள் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். மூன்றாம் நாள் சாட்டைகளை முடிச்சுப் போட்டு நூல் பிடித்துக் கரையின் மட்டம் பார்த்தார்கள். மேஸ்திரிகளால் ஊருக்கு உபயோகம் உண்டானதாக எழுதிவைக்கப்பட்ட முதல் சந்தர்ப்பம் அது. ஐந்தாம் நாள் முதலை ஒன்று பதினோரு பொம்மைகளை விழுங்கியது. ஏழாம் நாள் பதினோரு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். எந்த வழியாக வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முதலை அந்தப் பக்கம் மறுபடி வரவில்லை.

ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் தாமித் கற்கள்மேல் குந்தினாள். இபி பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "இறுக்கிப் பிடிய்யா, செருப்பு ரகசியம் தெரிஞ்சவனே!" என்று அவள் கத்தியது தெரு முனைவரைக்கும் கேட்டது. பெண் குழந்தை. பிறந்து, ஒரு முழு மூச்சு இழுத்து, ஊரைக் கூட்டியது. தாய்தான் பெயர் வைக்கவேண்டும். தாமித் யோசிக்கவே இல்லை, "தீ" என்றாள். "எங்க எழுதினாலும் எடம் பத்தணும்."

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அமெனெம்ஹெப் கரைக்கு வந்தார், இபியையும் வரவழைத்தார். இபி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றான். கல்லறைப் பொருளைத் திருடினவனுக்கு மூக்கை அறுப்பார்கள். அன்று காலையிலிருந்து அவன் பத்துமுறை மூக்கைத் தொட்டுப் பார்த்திருந்தான். அமெனெம்ஹெப் பல்லக்கில் இருந்தபடியே பொம்மைகளைப் பெட்டிக்குள் போகச் சொன்னார். யாரென்று கேட்டன. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பட்டங்களைச் சொன்னார். ஒவ்வொரு பட்டத்துக்கும் நானூற்றொரு பேரும் திரும்பி இபியை வணங்கினார்கள். பத்தொன்பது முறை. பன்னிரண்டாவதில் பல்லக்குத் தூக்கிகளுக்கு இருமல் வந்தது, பல்லக்கு குலுங்கியது. கடைசியில் அவர் தன் பெயரைச் சொன்னார். அப்படி ஒருவரைத் தங்களுக்குத் தெரியாது என்று பொம்மைகள் மரியாதையாகச் சொல்லின.

வழக்கு ஊர்ச் சபைக்குப் போனது. சபை நான்கு பொம்மைகளைக் கவிழ்த்துப் பார்த்தது. பட்டம் அமெனெம்ஹெப்புடையது, பெயர் இபியுடையது, பொம்மை பெயரோடு போகும் என்றது. அவருக்குப் பொம்மை வேண்டுமானால் அவர் பெயரை எழுதித்தர இபி கடமைப்பட்டவன். எழுத இடம் வேண்டும், அதற்கு ஏதாவது ஒரு பட்டத்தைச் சுரண்டியாக வேண்டும். எதைச் சுரண்டுவது என்று அமெனெம்ஹெப் சொன்னால் போதும். யோசிக்க ஒரு நாள் கேட்டார்.

பதினொரு வருஷம் ஆயிற்று.

அந்தப் பதினொரு வருஷமும் கரைவேலைக் காலத்தில் பெந்து வந்து பெயரைச் சொல்வார், பொம்மைகள் இறங்கிப் போகும். மேற்குக் கரையில் வேறு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கூடை மட்டும் திரும்பி வருவது நின்றது. தங்கள் வீட்டு ஆள் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அதே ஆளாக இருப்பதற்கு ஊர்ப் பெண்கள் பழகிக்கொண்டார்கள், சிலர் சலித்துக்கொள்ளவும் தொடங்கினார்கள். இபியைப் பொம்மைகள் தினமும் காலையில் பத்தொன்பது பட்டத்தோடு எழுப்பின. தாமித் அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டாள்: "வலப்பக்கத்து விசிறி, அடுப்பக் கொஞ்சம் வீசு." ஆனால் ஒவ்வொரு வருஷமும் பட்டியல் நாள் நெருங்கும்போது இபிக்குத் தூக்கம் கெடும். ஒரே ஒரு பட்டத்தை விட்டுக்கொடுக்க அந்த மனிதருக்கு மனசு வந்துவிட்டால் போதும். பொம்மை போய்விடும், அவன் கூடை தூக்கவேண்டும். கூடவே தெருவில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லோரும்.

பன்னிரண்டாம் வருஷம், பட்டியல் நாளுக்கு முன்தினம், அமெனெம்ஹெப் கழுதையில் வந்தார். புது மன்னருக்குப் புது விசிறிகள் வந்திருந்தன, புது செருப்பும். இபி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். எந்தப் பட்டத்தைச் சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்தான்.

"இப்போ நிறைய இடம் இருக்கு" என்றார் அவர். "பத்தொன்பதும் போச்சு."

"அப்போ எல்லாத்தையும் சுரண்டிட்டு எழுதிடட்டுங்களா, எசமான்?"

அவர் உட்கார்ந்தார். அரண்மனை வாசலில் காவல்காரன் யாரென்று கேட்டானாம். பட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தாராம். "அதெல்லாம் வேணாம் பெரியவரே, பேரச் சொல்லும்" என்றானாம். "ஞாபகம் வர்றதுக்கு நேரம் ஆச்சுப்பா" என்றார்.

தாமித் அவருக்கு ஒரு கிண்ணம் பீர் கொடுத்தாள். அவர் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அதுங்க வேலையில இருக்குது, இருக்கட்டும். எனக்குப் புதுசா ஒண்ணு பண்ணிக் குடு."

"ஒண்ணு போதுங்களா?"

"ஆள் ஒருத்தன்தானே?"

இபி அச்சில் அழுத்தி ஒன்று எடுத்தான். மார்பின் நடுவில் பெரிய எழுத்தில் பெயரை மட்டும் எழுதினான். எழுதிய பிறகும் முழங்காலுக்குக் கீழே காலியாக இருந்தது, வேறு ஏதாவது போடவா என்று கேட்டான். கிழவர் வேண்டாம் என்றார். சூளையிலிருந்து மறுநாள் காலை நீலமாக வந்ததை ஆறவைத்திருந்தார்கள். மகள் தீக்கு அப்போதுதான் எழுத்து பிடிபட்டிருந்தது, கண்ணில் பட்டதையெல்லாம் கூவி வாசிப்பாள். குனிந்து பார்த்து, "அ-மெ-னெம்-ஹெப்!" என்று தெருவே அதிரக் கத்தினாள்.

"இதோ இருக்கேன்" என்றது பொம்மை. அதே மூச்சில், கழுதைப் பக்கத்தில் நின்ற கிழவரும் "இதோ இருக்கேன்" என்றார். கூப்பிட்டதும் பதில் சொல்வது அவருக்குப் புதிது. இரண்டாம் முறையும் சொல்லிப் பார்த்தார். நன்றாக இருந்தது போலிருக்கிறது, பொம்மையின் கூடையை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் அளவுக்கு ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். கென்னாவின் கூடை சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தாமித் இபியைப் பார்த்தாள். இபி எடுத்துக் கொடுத்தான்.

வாசலுக்கு வந்த பெந்து, அந்தப் பெயர் பட்டியலில் இல்லை என்றார். பிறகு ஒரு விநாடி யோசித்துவிட்டு, கடைசியில் இருந்த வெற்றிடத்தில் அதை எழுதி, அதற்கு நேரே "வந்தான்" என்று குறித்துக்கொண்டார். அந்த வருஷம் கரை மூன்று நாள் முன்னதாகவே முடிந்தது. வெங்காயம் மட்டும் கொஞ்சம் விலை ஏறியிருந்தது.