உபய மணி

தொலைக்காட்சியில் அந்த மணி வந்து நின்றபோது, இரத்தினவேல் வாயில் வைத்த வடையைக் கடிக்க மறந்துபோனார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒஸ்லோ நகரத்து ஸ்டோவ்னரில் ஏழாம் மாடியிலுள்ள அவருடைய வீட்டு சோபாவில் அங்குள்ள முருகன் கோயிலின் தலைவர் வரதராசாவும் மனைவியும் அமர்ந்திருந்தார்கள். ஊரிலிருந்தே கூட்டாளியான பிலேந்திரன் எதிர்க் கதிரையில் இருந்தார். மகள் யதுர்ஷாவின் கல்யாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்குகிறார்கள், வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு. அதற்கு முன்னர், பெண் வாழப்போகும் இடத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று மாப்பிள்ளை லதீசன் ஒரு டிவிடி அனுப்பியிருந்தான். அதைப் போட்டுக் காட்டத்தான் இரத்தினவேல் கோயில் தலைவரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்.

காட்டிப் பெருமைப்பட அதில் விஷயம் இருந்தது. சம்பந்தி இந்திரகுமார் நடத்துவது முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய விடுதி. மேலே அறைகளும் அவர்கள் குடியிருக்கும் வீடும். கீழே சாப்பாடு, குடிவகை. இரத்தினவேல் எதையும் விசாரிக்காமல் விடுகிறவர் அல்ல. குடிவகை விற்பதையும் விசாரித்து அறிந்து, இரண்டு இரவு புரண்டு படுத்து, எந்தப் பெரிய ஹோட்டலில்தான் பார் இல்லை என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்ட பிறகே சம்மதம் சொல்லியிருந்தார். கோயிலில் கேட்டவர்களுக்கு, "அந்தக் காலத்திலை குதிரை வண்டியிலை போற ஆக்கள் தங்கின சத்திரம்" என்று மட்டும் சொல்லிவைத்தார். அதில் பொய் ஒன்றுமில்லை.

படம் நன்றாகத்தான் தொடங்கியது. சினிமாப் பாட்டு ஒன்று உரத்து ஒலிக்க, மேலிருந்து சிவப்பு இதயங்கள் மிதந்து விழ, கல் பாவிய சந்தைச் சதுக்கம் தெரிந்தது. மரக்கறிக் கடைகள், பாற்கட்டிக் கடைகள், வரிசையாகச் சாய்ந்து நின்ற பழைய கட்டடங்கள். லதீசனின் குரல் பாட்டுக்கு மேலால் கத்தியது.

"மாமா, இந்தச் சதுக்கத்தைச் சுத்தி இப்ப ஐஞ்சு விடுதிதான் மிச்சம். முந்தி ஆடு விக்க வாற ஆக்களுக்கு ஒரு விடுதி, தானியக்காரருக்கு ஒரு விடுதி. எங்கடை கம்பளி வியாபாரியளின்ரை. இந்த வளைவுக்குள்ளாலைதான் குதிரை வண்டி உள்ளை வாறது."

வளைவுக்கு மேலே பலகையில், பொன் கொம்புகளோடு ஒரு வெள்ளைக் கலைமான் நின்றது. உள்ளே கரிபிடித்த ஓக் மர உத்தரங்கள் தலையை முட்டும் உயரத்தில் ஓடின. ஓர் ஆளே உள்ளே நிற்கக்கூடிய கணப்பு அடுப்பில் விறகு எரிந்தது.

"கேத்திர கணிதம் படிக்காத தச்சன் போலை, ஒரு சுவரும் நேரில்லை," என்றார் பிலேந்திரன்.

"பழசு எண்டால் அப்பிடித்தான்," என்று இரத்தினவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரதராசாவும் தலையாட்டினார்.

அடுத்துத்தான் மதுக்கூடம் வந்தது. நீண்ட மரக் கவுண்டர், பளபளக்கும் பியர்க் குழாய்கள், அவற்றின் முன் சிவந்த முகங்கள். குழாய்களுக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருநீற்றோடு இந்திரகுமார். அவர் கையை உயர்த்தி ஒரு கயிற்றை இழுத்தார். சத்தம் பாட்டுக்குள் அமுங்கிப்போனது. ஆனால் கமெரா கயிற்றின் வழியே மேலேறி, மணியை நெருங்கி, அதில் பொறித்திருந்த எழுத்தில் போய் நின்றது. படத்தைத் தொகுத்தவன் அதைச் சுற்றி ஓர் இதயம் வேறு வரைந்திருந்தான்.

உபயம்: இரத்தினவேல் யோகாம்பாள் குடும்பம், ஒஸ்லோ.

கும்பகோணத்தில் இரத்தினவேல் சொல்லிச் செய்வித்த மணி அது. முருகனின் காலடியில் வைத்து அபிஷேகம் செய்து, நிச்சயதார்த்தத்தன்று, மகள் விளக்கேற்றப்போகும் சாமியறைக்கென்று தன் கையாலேயே இந்திரகுமாரிடம் கொடுத்த மணி.

"நிப்பாட்டு! படத்தை நிப்பாட்டு!"

யதுர்ஷா பதறிப்போய் ரிமோட்டை அழுத்தினாள். படம் நின்றது. எழுத்தும் நின்றது. மணிக்குக் கீழே நுரை ததும்பும் ஒரு கிளாசும் அப்படியே நின்றது.

"இது..." வரதராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "இது அண்டைக்கு மூலஸ்தானத்திலை வைச்சு எடுத்த மணியெல்லே?"

அவருடைய மனைவி திரையைப் பார்க்கக் கூசி, வடைத் தட்டைப் பார்த்தார்.

"ஒஸ்லோ எண்டு ஊரையும் வெட்டுவிச்சிருக்கிறாய்," என்றார் பிலேந்திரன். "இனி அங்கை குடிக்கிறவன் எல்லாம் உன்ரை பேரைச் சொல்லித்தான் குடிப்பான்."

"பகிடி விடாதை பிலேந்திரன்!" இரத்தினவேல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "முருகன்ரை மணியைக் கள்ளுக்கடையிலை கட்டின மனிசன், என்ரை பிள்ளையை என்னெண்டு வைச்சிருப்பான்? இந்தக் கலியாணம் இல்லை. அவ்வளவுதான்."

"வாயைக் கழுவுங்கோ!" வடை சுட்டுக்கொண்டிருந்த மனைவி யோகாம்பாள் குசினி வாசலிலிருந்து பாய்ந்து வந்தார். "மண்டபம் சொல்லியாச்சு, கார்ட் குடுத்தாச்சு."

"ஸ்லப் ஆவ், அப்பா," என்றாள் யதுர்ஷா. அமைதியாக இருங்கள் என்பதை நோர்வே மொழியில் சொன்னாளே தவிர, அவளுடைய முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "அந்த வீட்டிலை இருக்கப்போறது நான். ஒரு வார்த்தை கேக்காமல் முடிவெடுக்கேலாது. இந்திரன் மாமா என்ன சொல்லுறார் எண்டு எனக்கும் கேக்கவேணும். அவர் சொல்லுறது சரியில்லையெண்டால் நானே வேண்டாமெண்டு சொல்லுறன்."

அவளே இலக்கத்தை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, டெலிபோனை மேசைமேல் வைத்தாள்.

"ஹலோ! ஆர், இரத்தினண்ணையே?" பின்னால் சிரிப்பும் கிளாஸ் சத்தமுமாக இந்திரகுமாரின் குரல் வந்தது. "டிவிடி வந்து சேந்துதோ? மணியைப் பாத்தனீங்களோ? நான்தான் படம் எடுத்த தம்பியிட்டைச் சொன்னனான், அண்ணையின்ரை பேர் வடிவாய்த் தெரியவேணும் எண்டு!"

அந்த மனிதர் இதைப் பெருமையாக நினைத்துச் செய்திருக்கிறார். சொல்லவந்த வசவை இரத்தினவேல் விட்டுவிட்டார்.

"இந்திரன்," என்றார் கடைசியில், "அது சாமியறைக்குத் தந்த மணி."

"ஓம் அண்ணை. மாசக்கணக்காய் அங்கைதான் இருந்தது. இஞ்சத்தைப் பழைய மணி குளிருக்கை வெடிச்சுப்போச்சு. இந்த விடுதியிலை மணி அடிச்சால்தான் சனம் எழும்பும். வாயாலை சொன்னால் ஒருத்தனும் அசையமாட்டான்."

"அதுக்கு? குடிக்கிறதுக்குக் கோயில் மணியே?"

"குடிக்கிறதுக்கே?" இந்திரகுமார் உண்மையிலேயே திடுக்கிட்டதுபோல் இருந்தது. "ஐயோ அண்ணை, ஆர் சொன்னது? குடியை நிப்பாட்டுறதுக்கு! இந்த மணி அடிச்சாப் பிறகு ராசாவே வந்து கேட்டாலும் ஒரு துளி ஊத்தக்கூடாது. அது இந்த நாட்டு வழமை."

பிலேந்திரன் முன்னால் சாய்ந்தார். "இஞ்சை ஒஸ்லோக் கடையளிலை சனிக்கிழமை பின்னேரம் விக்கிற நேரம் முடிஞ்சவுடனை பியர்த் தட்டுக்குத் திரை இழுத்து மூடுறாங்களே, அதுமாதிரி."

"பிலேந்திரனோ அது? ஓம், அதுமாதிரித்தான். வேறை ஒருத்தரையும் தொட விடுறேல்லை அண்ணை. கை கழுவிப்போட்டு நான்தான் அடிக்கிறனான். பொய்யெண்டால் கொஞ்சம் லைனிலை நில்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடை பூட்டுறனாங்கள், பிறகு பின்னேரம்தான் திறப்பு. இப்ப நேரம் வந்திட்டுது."

டெலிபோனில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மணி அடித்தது.

பாட்டுக்குள் அமுங்காத அந்த ஒலியை இப்போதுதான் அவர்கள் கேட்டார்கள். கணீரென்று எழுந்து, நீளமாக இழுத்து, ஸ்டோவ்னர் வீட்டின் சுவர்களில் பட்டு நின்றது. மறுமுனையில் அத்தனை சத்தமும் அடங்கிற்று. கதிரைகள் நகரும் ஓசை மட்டும்.

இரத்தினவேல் நிமிர்ந்து பார்த்தார். வரதராசா எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கண்ணை மூடியிருந்தார். யோகாம்பாள் மாப் பூசிய கையோடு நெஞ்சில் கைகுவித்திருந்தார். வேதக்காரரான பிலேந்திரன்கூட, என்ன நினைத்தாரோ, சிலுவை போட்டுக்கொண்டார். யதுர்ஷா மட்டும் கும்பிடவில்லை. அவள் தகப்பனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் கூப்பியபடி இருந்தன. எப்போது கூப்பினார் என்று அவருக்கே தெரியவில்லை. எதிரே திரையில் பியர்க் கிளாஸ் நுரையோடு நிற்கிறது. அதைப் பார்த்தபடி அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மணியைக் கண்டபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது.

"கேட்டுதோ அண்ணை?" என்றது டெலிபோன். "எல்லாரும் எழும்பிட்டினம். உங்களுக்கு மனவருத்தமெண்டால் இப்பவே கழட்டுறன். வரேக்கை கொண்டுவாறன்."

இரத்தினவேல் கைகளைப் பிரித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல், வேட்டியில் துடைத்தார்.

"கொண்டுவர வேண்டாம்," என்றார். சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவருக்கே விளங்கியது. "குடியை நிப்பாட்டுறதெண்டால்... அது அங்கையே இருக்கட்டும். சாமியறைக்கு வேறை ஒண்டு செய்விச்சுத் தாறன். செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு வந்து இறங்குறியள்?"

யதுர்ஷா சோபாவின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள். யோகாம்பாள் திரும்பிப் பாராமல் குசினிக்குள் போனார். அடுப்பில் எண்ணெய் கரிந்துகொண்டிருந்தது.

வரதராசா மெல்ல உட்கார்ந்தார். திரையில் அசையாமல் நின்ற எழுத்தை இன்னொரு தடவை வாசித்தார்.

"செய்வியுங்கோ, இரத்தினவேல்," என்றார். "ஆனால் இந்தமுறை பேர் வெட்டுவிக்காதேங்கோ."