கட்டியவள் கையில் சுவிட்ச்

துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த அவளுக்கு அன்று காலை ஷிப்ட். வேலைக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது: ஊரில் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்த வேண்டுமாம்.

"திரும்பவுமா சார்?"

"என்னம்மா பண்றது? வாரியம் வாங்குற விலை ஒண்ணு, விக்கிற விலை ஒண்ணு. நடுவுல விழற பள்ளத்தை அரசாங்கம் மானியம் தந்து மூடணும். அது இன்னும் வரல. தனியார் கம்பெனிக்காரன் காசைக் கண்ணால பார்க்காம கரண்ட் தர மாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொண்டார் அதிகாரி.

முதலில் நிறுத்த வேண்டியது அவள் வீடு இருக்கும் தெருக்களுக்குப் போகும் லைன். கணவர் தையல்காரர். ஓட்டல் சிப்பந்திகளின் சீருடைகளை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மெஷினோ மோட்டார் வைத்தது.

கூட வேலை பார்க்கும் பெரியவர் அவள் முகத்தைப் படித்துவிட்டார். "ஏம்மா, உங்க லைனை விட்டுடு. பக்கத்து லைனைக் கூடக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவளுக்கும் ஆசை வராமல் இல்லை. கணவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

மெஷின் சத்தம் நின்றது. "இன்னைக்கு நம்ம முறையா?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன யோசனை? பக்கத்துத் தெருவுலயும் யாராவது தலைபோற வேலையா உட்கார்ந்திருப்பாங்க. நிறுத்து. இரு, இரு! இந்தச் சட்டைக் கையை மட்டும் முடிச்சுக்கிறேன்." கடகடவென்று மெஷின் ஓடியது. "ம், இப்ப நிறுத்து."

சிரித்துக்கொண்டேதான் நிறுத்தினாள். கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அவள் வீடு திரும்பியபோது, நடுவில் வந்த மின்சாரம் மறுபடி போயிருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"எதிர்வீட்டுக்காரர், 'கட்டுனவளே கட் பண்ணிட்டாளே'ன்னு தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'என்னைக் கேட்டுட்டுத்தான் பண்ணினா. உங்க வீட்டுல அதுவாவது உண்டா?'ன்னேன். மனுஷன் விறுவிறுன்னு உள்ள போயிட்டார்."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

ஓட்டல்காரர் வந்தபோது பாதிதான் தயார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதை எடுத்துப்போனார். மீதியைக் காலையில் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

ஒருவழியாக விளக்கு எரிந்தது. மெஷினுக்குப் போக எழுந்த கணவர் திரும்பிப் பார்த்தார். சுவரில் சாய்ந்தபடியே அவள் தூங்கிப்போயிருந்தாள். மோட்டார் போட்டால் விழித்துக்கொள்வாள். அவள் விரலிலிருந்து ஊசியை மெல்ல எடுத்து, மறுபடி உட்கார்ந்து, கையாலேயே தைக்கத் தொடங்கினார்.