உபயச் சுவர்

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் சுவர் கட்டுவது என்று முடிவான கூட்டத்தில் முதலில் பேசியது பளிங்குக் கல்லின் அளவைப் பற்றி. சுவரின் அகலம் அதற்கப்புறம்தான் வந்தது.

குற்றாலத்தில் விழும் சிற்றாறு தென்காசிக்குள் வந்ததும் எங்கள் தெருவின் புறவாசல்களை ஒட்டி நேராக ஓடும். கடைசி வீட்டைத் தாண்டி வளையும். அந்தக் கடைசி வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். வளைவில் ஒரு பள்ளமான காடு, யாரும் பயிர் வைக்காதது. ஐப்பசி வெள்ளம் அதில் ஏறிப் பரவி, வண்டலைப் போட்டுவிட்டு மெல்ல இறங்கும். எங்கள் அடுப்படிக்குத் தண்ணீர் வராததற்குக் காரணம் அந்தக் காடு. அம்மா பிள்ளையார் என்று நினைத்திருந்தாள்.

எழுபத்தெட்டில் தெருவின் மேலத்தலையில் கரை அரித்து இரண்டு மாட்டுத்தொழுவங்கள் போயின. உடனே அபிவிருத்திச் சங்கம் உண்டாயிற்று. ரைஸ்மில் ஆவுடையப்ப அண்ணாச்சி தலைவர். எங்கள் ஊரில் உபயம் இல்லாமல் எதுவும் நடக்காது. கோயில் ட்யூப்லைட்டில் கொடுத்தவர் பேர், அவர் அப்பா பேர், பூர்விக ஊர் எல்லாம் எழுதியது போக மிச்ச இடத்தில் வெளிச்சம் வரும். சுவருக்கும் அதே ஏற்பாடு. பத்தடிக்கு ஒரு உபயதாரர், அவர் பேரில் ஆற்றைப் பார்த்து ஒரு கல். எதிரே படித்துறையில் குளிக்கிறவர்கள் படிக்கலாம்.

வளைவில் படித்துறை இல்லை. அங்கே கல் வைத்தால் கொக்குதான் படிக்கும். அதனால் அந்தப் பகுதிக்கு உபயதாரர் கிடைக்கவில்லை. சுவர் எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் முடிவதாகத் திட்டம்.

நான் அப்போதுதான் பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்திருந்தேன். ஓடுகிற தண்ணீரை ஒரு பக்கம் நெருக்கினால் வேகம் கூடும் என்பது தெரியும். கூடுகிற வேகம் சுவர் முடியும் இடத்தில் கரையைக் குடையும் என்பதும் தெரியும். அதாவது, எங்கள் அடுப்படியை. கூட்டத்தில் பெண்களுக்கு மைக்குக்குப் பின்னால் பாய் போட்டிருந்தார்கள். நான் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா சுருக்கிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, எம்மக வளைவுல புல்லு வைக்கணுங்கா."

"புல்லா? ஒங்ககிட்ட மாடு இருக்கா மதினி?"

"மாட்டுக்கு இல்ல. ஆத்துக்காம்."

"ஆறு எப்ப இருந்து புல்லு திங்குது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வைக்கட்டும். உபயத்துக்கு ஆள் கெடைக்கிற வரைக்கும் சும்மாதான கெடக்கு. படிச்ச புள்ள, வீட்டுல இருந்து என்ன செய்யும், பாவம்."

கல் ஏற்றி வந்த லாரி கடையநல்லூர் மசூது பாயுடையது. வடகரைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது வாய்க்கால் ஓரத்துத் தாழங்கன்றுகளை லாரியில் போட்டு வந்தார். "முள்ளைக் கேட்டு வாங்குத ஆளை இப்பதான் பாக்கேன்" என்றார். தண்ணீர் ஓரம் நாணல், அதற்கு மேல் வெட்டிவேர், கரை மேல் தாழையும் நொச்சியும் வைத்தேன். செங்குத்தாக இருந்த கரையை இரண்டு ஆட்களை வைத்துச் சரிவாக்கினோம். ஓர் இடத்தில் மட்டும் தாழ்வாகவே விட்டேன், வெள்ளம் காட்டுக்குள் போவதற்கு. தெருவில் அம்மா பேரைச் சொல்லி அதையும் பேசினார்கள். பாலம்மா மக கரை கட்டி, அதுல ஆத்துக்கு வாசலும் வச்சிருக்கா என்று.

மூன்றாவது ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. பகலில் செய்தி வந்தது, குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிவிட்டது என்று. வேறு ஊரில் இப்படி ஒரு செய்தி வந்தால் சாமான்களைப் பரணில் ஏற்றுவார்கள். எங்கள் ஊரில் குடையை எடுத்துக்கொண்டு பார்க்கப் போவார்கள். ஆர்ச்சை மறைத்து விழுகிற தண்ணீர் அடுத்து நம் தெருவுக்குத்தான் வரும் என்ற நினைப்பே யாருக்கும் வராது. அருவி வேறு, ஆறு வேறு. சங்கத்தார் குடும்பத்தோடு மசூது பாயின் லாரியில் ஏறினார்கள்.

"நீங்க வரலியா மதினி? இப்படித் தண்ணி இனி எப்ப பாக்க?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அது இங்கன வரும், அண்ணாச்சி" என்றாள் அம்மா. அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

வந்தது. சுவரின் அடிமண்ணை முதலில் கரைத்தது. பிறகு சுவர் ஆற்றுக்குள் முன்னால் சாய்ந்தது, கல்யாண வீட்டில் பெரியவர் காலில் விழுகிற மாதிரி, அவசரமில்லாமல். பத்தடி பத்தடியாக எல்லா உபயமும் விழுந்தது. புறவாசல்களும் கூடவே போயின. ஆள் சேதம் இல்லை. எல்லாரும் அருவி பார்க்கப் போயிருந்தார்கள்.

வளைவில் நாணல் அப்படியே படுத்துவிட்டது. அதன் மேல் தண்ணீர் ஓடிற்று. தாழை அசைந்தது, நகரவில்லை. தாழ்வான இடம் வழியாக வெள்ளம் காட்டுக்குள் நுழைந்து பரவி, சத்தம் குறைந்தது. அம்மா வெண்கலப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். தண்ணீர் புளியமரத்தடி வரை வந்து அங்கேயே நின்றது. பானையை இறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் லாரி திரும்பியது. எல்லார் கையிலும் நேந்திரங்காய் சிப்ஸ். அண்ணாச்சி சுவர் இருந்த இடத்துக்கு நேரே போய் நின்றார்.

"கவலப்படாதீங்க அண்ணாச்சி" என்றார் மசூது பாய். "ஒங்க பேரு இந்நேரம் தாமிரவருணியில சேந்திருக்கும். திருநெவேலிக்காரன் பூராப் படிப்பான்."

"சும்மா இரும் வே" என்ற அண்ணாச்சி வளைவைப் பார்த்தார். நாணல் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது. கரை முழுசாக இருந்தது. இப்போது புல்லைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"பாத்தியளா?" என்று எல்லாரிடமும் சொன்னார். "அங்கன மண்ணு எம்புட்டு கெட்டி! சுவத்த அங்கனல்லா கெட்டியிருக்கணும். எடத்தத் தப்பால்லா தேர்ந்தெடுத்திட்டோம்."

அந்த வாரமே கூட்டம். கெட்டியான இடம் என்று தெரிந்ததும் உபயதாரர்கள் போட்டி போட்டார்கள். தாழையையும் நொச்சியையும் வெட்டிவிட்டு வளைவைச் சுற்றிச் சுவர். காட்டை மில் சாம்பல் போட்டு மேடாக்கி அதில் கல்யாண மண்டபம். வெட்டுகிற ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையில் வருவார்கள்.

"இந்தத் தடவை நீயே போய்ச் சொல்லுட்டி" என்றாள் அம்மா. "நான் சொன்னா புல்லுன்னுதான் வரும்."

மில்லுக்குப் போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நீரின் வேகம், வேரின் பிடிப்பு, காடு வாங்கிக்கொள்கிற தண்ணீர். அண்ணாச்சி ஆற்றிலிருந்து எடுத்த தன் கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அதில் அவருடைய அப்பா பேர் உடைந்து போயிருந்தது. வேகமும் வேரும் என் வாயில் வரவில்லை.

"என்ன புள்ள?"

"வளைவுல படித்துறை இல்லியே, அண்ணாச்சி."

"ஆமா, அதுக்கென்ன?"

"கல்லை யாரு படிப்பா?"

நார் நின்றது. அதைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது.

"காட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமா கெட்டினா..." என்றேன். "குற்றாலம் பஸ் பூரா அந்த வழிதான். சீசனுக்கு மெட்ராஸ்லேருந்து எல்லாம் வாராங்க."

"ஆறு இங்கன இருக்க, சுவத்த அங்கன போய்க் கெட்டவா?"

"வெள்ளம் காட்டத் தாண்டி வந்தா சுவர் தடுக்கும். காட்டுல சாம்பல் மட்டும் போடக் கூடாது. போட்டா பின்னால மேடாகி, ரோட்டுலேருந்து சுவரு குட்டையாத் தெரியும்."

இந்த இரண்டாவது காரணம் நான் கல்லூரியில் படித்ததல்ல.

"அப்ப ஆத்தோரம்?"

"அது புல்லு பாத்துக்கிடும்."

"புல்லுக்கு உபயம்?"

"வேண்டாம் அண்ணாச்சி."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். "பஸ்ஸு அங்கன வேகமால்லா போகும்?"

"ரோடும் அங்கன வளையுதுல்லா, மெதுவாத்தான் போகும்."

வீட்டில் அம்மா கேட்டாள்: "வேரு கதையெல்லாம் சொன்னியா?"

"இல்ல. பஸ்ஸைப் பத்திச் சொன்னேன்."

"இதுக்குத்தான் பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல கெடந்தியாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு வந்த ஆட்கள் எங்கள் வீட்டைத் தாண்டி, தாழையையும் தாண்டி, ரோட்டோரம் போனார்கள். அங்கே கருவேல முள்ளை வெட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி நடுரோட்டில் நின்று, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற ஆளின் கண் எந்த உயரத்தில் வரும் என்று கையைத் தூக்கியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றாலம் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.