பசியேப்பம்

அப்பா செத்த சேதி வந்த அன்றைக்குத்தான் திருமுருகனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விமானத்தில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. அவன் கேட்டு வாங்கியதில்லை. துபாயில் ஏசி மாட்டும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் அவன். ஊருக்கு வரும்போதெல்லாம் முன்சீட்டில் முழங்கால் இடிக்க, மடியில் பையோடு குறுகி வந்தவன்தான். அன்றைக்குப் பார்த்து கொழும்பு வழியாகத் திருச்சி வரும் விமானத்தில் சாதா சீட்டெல்லாம் நிறைந்துவிட்டது. மேனேஜர் நல்ல மனுஷர். அப்பன் காரியத்துக்குப் போகிறவனைத் தடுக்கக் கூடாது என்று பிசினஸ் கிளாஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்.

புறப்படும் முன் தம்பி உதயசூரியன் போனில் அழுதான்.

"அண்ணே, நீங்க வந்து மொகத்தப் பாத்ததும் எடுத்துருவோம். ஒண்ணு கேக்கணும். கொள்ளி நாந்தான் வைக்கணும்னு அப்பா எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒங்களுக்கு வருத்தம் இல்லையேண்ணே?"

தகப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அப்பா ரெங்கசாமி வாதம் வந்து படுத்த நாளிலிருந்து பீ மூத்திரம் அள்ளியவன் சின்னவன். சோறூட்டியவனும் அவன்தான். பெரியவன் வீடியோ காலில் "மாத்திரை போட்டீங்களாப்பா" என்று கேட்டதோடு சரி.

"நீதானடா பாத்த. நீயே வையி" என்றான் திருமுருகன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னான்.

சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு பெண் வந்து குனிந்து, ஷாம்பெயின் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னால் இந்த இடத்துக்குப் பழக்கமில்லாதவன் என்று நினைத்துவிடுவாளோ என்று தலையாட்டிவிட்டான். முதல் வாய் கோலிசோடா மாதிரி மூக்கில் ஏறியது. இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. இதற்குப் போயா இவ்வளவு பேர் என்று நினைத்தான்.

சாப்பாடு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளைத்துணி விரித்து, பீங்கான் தட்டில் ஆட்டுக்கறி வந்தது. எலும்பிலிருந்து கழன்று விழுகிற பதம். கறி ஒரு வாய், ஷாம்பெயின் ஒரு வாய். யாரோ ஜாதகம் பார்த்துச் சேர்த்து வைத்த மாதிரி இரண்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம். கொழுப்பை அது வழித்துக்கொண்டு போய், அடுத்த வாய்க்கு நாக்கைப் புதுசாக்கிக் கொடுத்தது. கொள்ளி வைக்கப் போகிறவன்தானே பட்டினி கிடக்க வேண்டும், நமக்கென்ன என்று ஒரு நியாயமும் வாகாகக் கிடைத்தது. வயிறு கேட்டால் புத்தி எந்த நியாயத்தைத்தான் தேடித் தராது!

அவள் மறுபடி ஊற்றினாள். அவன் மறுபடி குடித்தான். கண்ணாடிக் கிளாஸில் சரம் சரமாகக் கொப்புளம் ஏறுவதைப் போனில் படம் பிடித்தான். அப்பாவிடம் காட்ட வேண்டும், 'இங்க பாருங்கப்பா, ராசா மாதிரி வாரேன்' என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். பிறகுதான் அப்பா எங்கே கிடக்கிறார் என்பது உறைத்தது. கண் முட்டிக்கொண்டு வந்தது. அவள் ஓடி வந்தாள். பாஷை போதாமல் "ஃபாதர்" என்று மட்டும் சொன்னான். அவள் பாவம், பதறிப்போய்க் கிளாஸை நிரப்பி வைத்தாள். அழுதபடியே அதையும் குடித்தான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

திருச்சியில் இறங்கியதும் அவர்கள் கொடுத்த பிரஷ்ஷால் இரண்டு தரம் பல் தேய்த்தான். பங்காளி மகன் கவியரசன் கார் கொண்டுவந்திருந்தான்.

"ஏதாச்சும் சாப்புட்டீங்களாண்ணே? கீரனூர்ல நிறுத்தி ஒரு டீயாச்சும் குடிக்கிறீங்களா?"

"வேணாம்ப்பா. ஒண்ணும் எறங்கல" என்றான் திருமுருகன்.

செத்த வீட்டுக்குப் போகிறவன் வேறென்ன சொல்வான்? அந்த வார்த்தை வாயிலிருந்து அவ்வளவு லேசாக வழுக்கி வந்தது அவனுக்கே ஆச்சரியம். கவியரசன் உடனே வீட்டுக்குப் போன் போட்டான். "வந்துக்கிட்டே இருக்கோம். அண்ணே பாவம், பச்சைத்தண்ணி பல்லுல படாம வாராரு." கார் ஊருக்குள் நுழையும் முன்னே அவன் பட்டினி ஊருக்குள் நுழைந்துவிட்டது.

குன்றாண்டார்கோவில் தாண்டி உள்ளே போகிற ஊர். பந்தலுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் அப்பா படுத்திருந்தார். மீசையை யாரோ சீவிவிட்டிருந்தார்கள். திருமுருகன் பெட்டியில் தலையை மோதி அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. அம்மா அமுதவல்லி அவன் தலையைத் தடவினாள். "எங்குட்டோ கெடந்து வெறும் வயித்தோட ஓடியாந்திருக்கியேப்பா." அவள் கை பட்ட இடமெல்லாம் கூசியது.

அப்போது பந்தலுக்கு வெளியே சத்தம் கேட்டது. பங்காளி வழியில் சித்தப்பா பிச்சைதான் கத்திக்கொண்டிருந்தார். அவர் எதிரே வேட்டி நழுவ, கண் சிவக்க, உதயசூரியன் நின்றான். வாடை பந்தல் வரைக்கும் வந்தது.

"அப்பனப் பொட்டிக்குள்ள வச்சுட்டு இந்தக் கோலத்துலயாடா வந்து நிக்கிற? கொள்ளி வைக்கிற கையாடா இது?"

"கொஞ்சந்தான் சித்தப்பா. நீர்மாலைக்குக் கெளம்புன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல. தெனம் நாந்தான அவரக் குளிப்பாட்டுவேன். கடைசித் தண்ணி ஊத்தணும்னதும் தாங்க முடியல."

"தாங்க முடியலன்னா? கொள்ளி வைக்கிறவன் வாயில எச்சித்தண்ணி தவிர ஒண்ணும் எறங்கக் கூடாது. அது தெரியாதா ஒனக்கு?"

"அப்பா என்னையத்தான் சொன்னாரு."

"சொன்னாருடா. குடிச்சிட்டு வையிடான்னா சொன்னாரு?" பிச்சை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "மூத்தவன் இருக்கான்ல? கடல் தாண்டி வந்தும் ஒரு பருக்கை தொடாம வந்திருக்கான். முறையும் அவனுக்குத்தான். என்னப்பா சொல்றீங்க?"

கூட்டம் தலையாட்டியது. உதயனின் மனைவி வனிதா மட்டும், "மாமா சொன்ன சொல்லுங்க அது" என்று முனகினாள். அவளை யார் கேட்டார்கள்? அம்மா சின்னவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெரியவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே வையிப்பா. நீதான் சுத்தமா இருக்க."

இப்போது ஒரு வார்த்தை போதும். சித்தப்பா, நானும் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அவனுக்கு முன்னாலேயே குடித்தவன் நான் என்று சொன்னால் போதும். ஊர் காறித் துப்பும். துப்பிவிட்டு, இரண்டு பேரும் ஒரே லட்சணம், பெரியவர் சொல்லிப்போனபடி சின்னவனே வைக்கட்டும் என்று விட்டுவிடும். தம்பிக்கு அவன் உரிமை கிடைத்துவிடும். திருமுருகன் வாயைத் திறந்தான். அத்தனை முகமும் அவனைப் பார்த்தன. துபாய்க்காரனை, பொறுப்பான பிள்ளையை, விரதம் இருந்து வந்த மகனை.

"சரி சித்தப்பா" என்றான்.

மொட்டை போட்டார்கள், மீசையை எடுத்தார்கள், ஈர வேட்டி கட்டிவிட்டார்கள். சுடுகாட்டில் தண்ணீர்ப் பானையைத் தோளில் ஏற்றும் நேரம் வந்தபோது, உதயசூரியன் தள்ளாடி முன்னால் வந்தான். யாரோ அவனை "அங்கிட்டு நில்லுடா" என்று விரட்டினார்கள். "ஏத்தி மட்டும் விட்டுட்டுப் போறேன்" என்று கெஞ்சினான். பானையைத் தூக்கி அண்ணன் தோளில் வைத்தான். வைத்தவன் அப்படியே அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்து விம்மினான்.

அந்த நேரம் பார்த்துத் திருமுருகனுக்கு ஏப்பம் வந்தது. அடக்கிப் பார்த்தான். அடங்கவில்லை. பெரிதாக, நிறைவாக, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"பாவம், பசியேப்பம்" என்றார் பின்னாலிருந்து பிச்சை. "சட்டுனு ஆகட்டும்ப்பா, புள்ள மயங்கி விழுந்துறப் போறான்."

பசியேப்பத்துக்கும் புளியேப்பத்துக்கும் தூரத்தில் நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உதயசூரியன் தூரத்தில் நிற்கவில்லை. அவன் விம்மல் சட்டென்று நின்றது. முகத்தை விலக்கி அண்ணனின் கண்ணைப் பார்த்தான். ஆட்டுக்கறி வாடையும் அதற்கு அடியில் இருந்த இன்னொரு வாடையும் அவன் மூக்குக்குத் தப்பியிருக்காது. குடிக்கிறவன் மூக்கை யாரால் ஏமாற்ற முடியும்? இதோ கத்தப் போகிறான் என்று திருமுருகன் காத்திருந்தான். கத்தித் தொலைத்தால் தேவலை என்று கூட ஒரு கணம் இருந்தது.

உதயன் கத்தவில்லை. பானையைச் சரியாக நிமிர்த்தி வைத்தான். "மெதுவா நடங்கண்ணே, கல்லு கெடக்கு" என்று சொல்லிவிட்டு, ஒதுங்கச் சொன்ன இடத்தில் போய் நின்றுகொண்டான்.

திருமுருகன் சுற்றி வந்தான். பானையில் ஓட்டை போட்டார்கள், தண்ணீர் முதுகில் வழிந்தது. திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தான். நெருப்பு பிடித்துக்கொண்டது. ஊர் அவனை மெச்சியது. அவனுக்கு அந்த நெருப்பிலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது.

குளித்து முழுகி வீட்டுக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சாப்பாடு தயாராக இருந்தது. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். திருமுருகன் கொல்லைப்பக்கம் நழுவப் பார்த்தான். அதற்குள் உதயசூரியனின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. போதை தெளிந்திருந்தது.

"வனிதா, அண்ணனுக்கு மொதல்ல எலையப் போடு. நேத்துலேருந்து பட்டினியா கெடக்காரு."

திருமுருகன் தம்பியின் முகத்தில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று தேடினான். கேலியாவது இருக்கக் கூடாதா என்று தேடினான். ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது இருந்திருக்கக்கூடிய முகம்தான் இருந்தது. அண்ணனின் மானத்தை மூடி வைப்பதும் வீட்டு வேலைகளில் ஒன்று என்கிற மாதிரி, சோற்றுச் சட்டியோடு வந்து குனிந்து அவனே பரிமாறினான். அம்மா எதிரே உட்கார்ந்து மூத்த மகன் சாப்பிடுவதைப் பார்த்தாள். பிச்சையும் பார்த்தார்.

பிசைந்தான். விழுங்கினான். ஒவ்வொரு உருண்டையும் நெஞ்சில் நின்று நின்று இறங்கியது.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவாண்ணே?" என்றான் உதயசூரியன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டினி கிடந்தவன் போதும் என்று சொல்ல முடியாது. திருமுருகன் தலையைக் குனிந்துகொண்டு, "வையி" என்றான்.