பேபியைக் கூப்பிட்ட பாட்டு

லண்டனில், பிளேஸ்டோவில் பாலேந்திரா அண்ணையின் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். என் சொத்து ஒரு கசெட். அறுபதுகளில் வந்த அமெரிக்க 'சோல்' இசைப் பாட்டு. காதலி விட்டுப் போகிறாள், பாடகர் 'பேபி, பேபி' என்று கெஞ்சுகிறார். இருபது வருடத்துக்கு மேல் கெஞ்சியும் அவள் திரும்பவில்லை. உலகம்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

அண்ணையின் மனைவி பாலாம்பிகைக்கு வீட்டுப் பெயர் பேபி. வயது நாற்பது தாண்டியும் பெயர் வளரவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கத்தரின்கூட 'பேபி அக்கா' என்பாள். அண்ணைக்கு மட்டும் அவர் 'இஞ்சாரும்', அதாவது 'இங்கே பாரும்'. பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருடைய பரம்பரையில் இல்லை.

எண்பத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை, சந்தை நெரிசலில் அக்காவைத் தவறவிட்ட அண்ணை, "இஞ்சாரும்!" என்று கத்தினார். நாலு தமிழ்ப் பெண்கள் திரும்பினார்கள். அக்கா திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பெட்டி அடுக்கினார்.

"இல்ஃபோர்ட்டிலை தங்கச்சியிட்டைப் போறன். அவளுக்கு என்ர பேர் தெரியும்."

"என்னப்பா இது, ஒரு பேருக்காகவோ?"

"ஓம். அந்த நாலு பேரிலை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து சமையுங்கோ."

அண்ணை படியடியில் நின்று தொண்டையைச் செருமினார். சத்தம் வந்தது, பெயர் வரவில்லை. நான் நல்லெண்ணத்தோடு கசெட்டைப் போட்டு, அறைக் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

'பேபி...' என்று பாடகர் உருகினார்.

அக்கா பெட்டியோடு நின்று மேலே பார்த்தார். "ஆரோ முகம் தெரியாத மனுசன். என்ன வடிவாய்க் கூப்பிடுறார்! இப்பிடிக் கூப்பிட்டால் நான் அமெரிக்காவுக்கே போவன்."

அண்ணையின் முகம் கறுத்தது. "தம்பி, உவனை நிப்பாட்டும்!"

"நிப்பாட்டாதையும் தம்பி, அவருக்காவது வாய் இருக்கு."

"பேபி!"

இது பாடகர் இல்லை. சுருதி சேரவில்லை.

நான் ஓடிப்போய்க் கசெட்டை நிறுத்தினேன்.

"என்ன சொன்னியள்? பாட்டிலை கேக்கேல்லை," என்றார் அக்கா.

அண்ணை படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கத்தாமல், கடனே என்று இல்லாமல், மெதுவாகச் சொன்னார்: "பேபி. போகாதையும்."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். அதன்மேலேயே உட்கார்ந்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடியைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, மிச்சத்தைப் போடும். பாவம், பாடுற அந்தாளுக்கு இன்னும் மறுமொழி வரேல்லை."