மடிப்புக்குள் ஒரு கை

"நகருக்கா! எல்லாரும் படியேறி வந்துட்டாங்க!"

பஞ்சு நகரவில்லை. தரையில் முட்டி போட்டு, குச்சியில் சுற்றிய பஞ்சைக் கரைப்பானில் தோய்த்து, ஓவியத்தின் கீழ் மூலையை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. பஞ்சு என்பது ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர். அதே கலைக்கூடத்துக்கு வருபவர்களுக்கு விளக்கம் சொல்வது தங்கையின் வேலை. மூன்று மாதமாக முதுகொடிந்தது இவளுக்கு, கைதட்டல் அவளுக்கு. இந்த ஓவியம் பற்றிய இன்றைய உரை எடுபட்டால் தலைமை விளக்குநர் பதவியும் அவளுக்கே. நினைத்தாலே பஞ்சுவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

படம், சாலொமோன் ராஜாவின் தீர்ப்பு. உயிரோடு ஒரு பிள்ளை. அதற்கு உரிமை கொண்டாட இரண்டு பெண்கள். ஒருத்தியின் பிள்ளை ஏற்கெனவே இறந்துவிட்டது. நிஜத் தாய் யாரென்று அறிய, பிள்ளையை ஆளுக்குப் பாதியாக வெட்டச் சொல்கிறார் ராஜா. ஒருத்தி மண்டியிட்டு அழுகிறாள். மற்றவள் நின்றபடி கையை நீட்டுகிறாள்.

"மண்டி போட்டு அழுறவதான் நிஜத் தாய். என் உரையே அதுதான்க்கா. இப்பப் போய் எதை நோண்டறே?"

"அவ நிஜத் தாய் இல்ல."

"ஆரம்பிச்சிட்டியா? நான் எதைச் சொன்னாலும் உனக்குப் பொறுக்காதே!"

"வாயை மூடிட்டு இங்க பாரு."

பஞ்சு விலகிய இடத்தில், அழுபவளின் போர்வை மடிப்புக்குள், நீலம் பாரித்த பிஞ்சுக் கை ஒன்று.

தங்கையின் முகம் வெளுத்தது. செத்த பிள்ளையை ஒளித்துவைத்திருப்பவளா நிஜத் தாய்? அப்படியானால் அந்தக் கண்ணீர் வேஷம். நிற்பவள் பிள்ளையைக் கேட்கவில்லை, வாளைத் தடுக்கிறாள்!

"நல்லவேளை! மேடையேறி மானம் போயிருக்கும். எம்மேல உனக்கு இவ்வளவு பாசமாக்கா?"

"பாசமும் இல்ல, பாகற்காயும் இல்ல. அழைப்பிதழை இப்பத்தான் பார்த்தேன். உரை நிகழ்த்துபவர்னு உன் பேருக்குப் பக்கத்துல என் பேரையும் எதுக்குடி போட்டே?"

"நீ இல்லாம இந்தப் படம் ஏது? அதான் சொல்லாம போட்டேன்."

"உன் உளறல்ல எனக்கும் பங்கா?"

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்தவள் சட்டென்று குனிந்து, அந்தக் குச்சியைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"முந்நூறு வருஷ அழுக்கு... அஞ்சே நிமிஷத்துல எப்படிக்கா போச்சு?"

வாசலில் செருப்புச் சத்தம் நெருங்கியது. பஞ்சு எழுந்திருக்கவில்லை.

"அது அழுக்கில்லடி. நான் பூசின சாயம். இந்தக் கை போன மாசமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீ தப்பாப் பேசி முடிச்சதும், எல்லார் முன்னாடியும் துடைச்சுக் காட்டலாம்னு மறைச்சு வச்சேன்."