பஞ்சர் கடைக்காரன் சொல்ல வேண்டிய வார்த்தை

இப்போதெல்லாம் எல்லார் வாயிலும் தேன் வடிகிறது. அடிக்கிறவனும் 'சார்' என்கிறான், அதை வேடிக்கை பார்க்கிறவனும் 'சார்' என்கிறான். முன்னே மூஞ்சியைப் பார்த்தால் எவன் எப்படி என்று தெரியும். இப்போது ஒன்றும் பிடிபடுவதில்லை.

பஞ்சர் கடைக்காரனும் அப்படித்தான். அவன் கடையில் கிடந்த ஒரே நாற்காலியில் என் மகன் உட்கார்ந்திருந்தான், வண்டிக்கு டியூப் மாற்ற. கார் டயருக்குக் காற்றடிக்க வந்த காண்ட்ராக்டர் எழுந்திருக்கச் சொன்னான். இவன் எழவில்லை. டயர் கழற்றும் கம்பியை எடுத்து, எங்கள் சாதியைச் சொல்லிச் சொல்லி அடித்தான் அந்த ஆள். மகனுக்கு வலது கை இன்னும் முழுசாக மூடாது.

தெருவே பார்த்தது. போலீஸில் வாய் திறந்தது கடைக்காரன் ஒருத்தன்தான். அவனும் காண்ட்ராக்டரின் சாதி. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

"கேஸே அந்த வார்த்தையிலதான் நிக்குது பெரியவரே," என்றார் அரசு வக்கீலம்மா, கோர்ட் வாசலில். "உங்க பையன் சொன்னது மட்டும் போதாது. சாதியைச் சொல்லி அடிச்சாருன்னு கடைக்காரர் வாயால வரணும். வரலைன்னா சும்மா அடிதடி. காண்ட்ராக்டர் அபராதம் கட்டிட்டு உங்க தெருவுலயே வந்து நிப்பாரு."

"நீங்களே சொல்லிக் குடுத்துரக் கூடாதா?"

"சொல்லிக் குடுத்தா என் கோட்டைக் கழட்டிருவாங்க."

உள்ளே கடைக்காரனைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"அடிக்கும்போது என்ன சொன்னார்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அசிங்கமா பேசினாருங்க."

"என்னன்னு?"

அவன் என்னைப் பார்த்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "கெட்ட வார்த்தைங்க."

காண்ட்ராக்டரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, கெட்ட வார்த்தைன்னுதான் சொல்றாரு. சாதின்னு சொல்லலை. குறிச்சுக்கணும்."

காண்ட்ராக்டர் மீசைக்குள் சிரித்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன வார்த்தை? கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்க."

"எப்படிங்கய்யா... பையனோட அப்பா எதிர்ல உட்கார்ந்திருக்காரு. மரியாதையா இருக்காதுங்க."

மரியாதையாம்! இத்தனை வருஷம் என்னை 'வா' என்றும் சொல்லாமல் 'வாங்க' என்றும் சொல்லாமல், 'இந்தப் பக்கம் எங்க வந்தது?' என்று மொட்டையாகப் பேசியவன். இன்றைக்குப் பார்த்து மரியாதை பொத்துக்கொண்டு வருகிறது. பயமா, எவனாவது மிரட்டினானா, நிஜமாகவே கூச்சமா? யார் கண்டது.

மகன் என் முழங்கையைப் பிடித்தான். "கேஸ் போச்சுப்பா."

சொல்லித் தொலைடா என்று தொண்டை வரை வந்தது. கத்தினால் நான் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். எழுந்தேன்.

"உட்காருங்க பெரியவரே," என்றார் நீதிபதி.

"நான் இருக்கறதுதானே அவருக்கு இடைஞ்சல்? வெளியே போறேங்கய்யா."

வராந்தா ஜன்னலுக்குக் கீழே நின்றேன். வக்கீலம்மா மறுபடி கேட்டார். மின்விசிறிச் சத்தம்தான் வெளியே வந்தது. என்னைத் திட்ட ஒருத்தன் வாய் திறக்க மாட்டானா என்று நான் ஏங்கி நின்றது அன்றைக்குத்தான்.

பிறகு அந்த வார்த்தை வந்தது. எங்கள் சாதியும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து, முழுசாக. தட்டச்சு செய்பவர் "சரியாக் கேக்கலை" என்றார். மறுபடி, இன்னும் சத்தமாக. வராந்தாவில் இருந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், அப்புறம் என்னை.

மகன் ஓடிவந்தான். "காப்பாத்திட்டாருப்பா! இனி கேஸ் நிக்குமாம்."

நிற்கட்டும். தீர்ப்பு வரட்டும், பார்க்கலாம்.

கடைக்காரன் சட்டையெல்லாம் நனைந்து வந்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வேற வழியில்ல."

"நல்லாத்தான் சொன்னே. திக்கல, திணறல. நாக்குக்குப் பழக்கம் போல."

அவன் முகம் சுண்டிப்போனது. "காதுல விழுந்ததைத்தானேண்ணே சொன்னேன்."

மகன் இடது கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். சொல்லிக்கொள்ளட்டும். நான் படியிறங்கினேன்.

"அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்ணே!"

ஒரே நாளில் எத்தனை அண்ணே! கேஸ் எல்லாம் முடியட்டும். கோர்ட்டும் வக்கீலும் இல்லாத நம்ம தெருவில் என்னை என்னவென்று கூப்பிடுகிறான் என்று பார்க்கிறேன். திரும்பாமல் நடந்தேன்.